சின்ன அலுவலகத்துக்கு இரண்டு சர்வர், ஒரு பொது ஸ்டோரேஜ்: கிளஸ்டர் திட்டமிட முழுமையான வழிகாட்டி

20 முதல் 30 பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியது இது. சேலம் செவ்வாய்பேட்டையில் மொத்த வியாபார அலுவலகம், ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகம் என்று இரண்டு இடம் வைத்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ்: ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ஹைப்பர்வைசர். அப்படிப்பட்ட சர்வர்கள் ஒரே குழுவாக இயங்குவதுதான் கிளஸ்டர். வேறு ஹைப்பர்வைசர் போட்டாலும் வரிசை மாறாது.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் சர்வர் வாங்குவார்கள், பிறகு நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் பொது டிஸ்க் பெட்டி) வாங்குவார்கள், யுபிஎஸ் பற்றிக் கடைசியில் நினைப்பார்கள். இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது: கணக்கு, கரண்ட், நெட்வொர்க், ஸ்டோரேஜ், அதன் பிறகுதான் சர்வர்.

1. எது விழுந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். ஒரு சர்வர் செத்தால் எத்தனை நிமிடம் பில் போடாமல் இருக்க முடியும்? நாஸ் செத்தால்? அறையே தீப்பிடித்தால்?

இரண்டாம் கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை இருக்காது. இரண்டு சர்வர், ஒரு நாஸ் என்ற அமைப்பில் சர்வர் விழுந்தால் தாங்கும். நாஸ் விழுந்தால் எல்லாமே நிற்கும். இதற்கு மூன்று மாற்று உண்டு.

கடைசி 15 நிமிட வேலை போனாலும் பரவாயில்லை என்றால் நாஸே வேண்டாம். இரண்டு சர்வரிலும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் டிஸ்க் போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் போதும். எதுவும் இழக்கக் கூடாது, மூன்று சர்வரும் 10 ஜிகாபிட் நெட்வொர்க்கும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் செஃப்: எல்லா சர்வரின் டிஸ்க்கையும் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள். இரண்டு சர்வரில் செஃப் போட முயலாதீர்கள். அது மூன்று பிரதி வைத்து, குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் எழுத விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்குத்தான் நாஸ்.

ஒரு எச்சரிக்கை. ஒரு சர்வரைச் சேலத்திலும் மற்றொன்றை ஏற்காட்டிலும் வைத்து ஒரே கிளஸ்டராக்கும் யோசனை அடிக்கடி எழும். வேண்டாம். கிளஸ்டர் உறுப்பினர்கள் பேசிக்கொள்ளும் கோரோசிங்க், 5 மில்லிசெகண்டுக்குள் பதில் வரும் உள்வலையை எதிர்பார்க்கிறது. ஹெச்ஏ (சர்வர் விழுந்தால் அதன் விஎம்மைத் தானாக மறுபக்கம் எழுப்பும் வசதி) ஆன் ஆகியிருந்தால், இன்டர்நெட் இணைப்பு ஒரு நிமிடம் தடுமாறினாலே ஒரு சர்வர் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். மலைமேல் இருக்கும் அலுவலகத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. 9-ஆம் பகுதியில் வருகிறது.

2. கணக்கு

மாதிரிக்கு ஐந்து விஎம்: ஆக்டிவ் டைரக்டரிக்கு (ஊழியர் உள்நுழைவுக் கணக்குகளைக் காக்கும் விண்டோஸ் சேவை) 6 ஜிபி ரேம், 80 ஜிபி டிஸ்க். ஃபைல் சர்வருக்கு 8, 800. ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி ஓட 24, 200. பில்லிங் டேட்டாபேஸுக்கு 12, 150. சில்லறை வேலைக்கு ஒரு லினக்ஸ் 4, 40. மொத்தம் 54 ஜிபி ரேம், 1,270 ஜிபி டிஸ்க்.

ரேம் கணக்கில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: 54-ஐ இரண்டால் வகுத்து, ஆளுக்கு 32 ஜிபி போடுவது. ஒரு சர்வர் விழுந்த நாளில் மற்றொன்று ஐந்தையும் சுமக்க வேண்டும். 54-உடன் ஹோஸ்டுக்கு (விஎம்களைச் சுமக்கும் சர்வருக்கே) 6 சேர்த்தால் 60. ஒவ்வொரு சர்வரிலும் 64 ஜிபி மயிரிழையில் பொருந்தும். 96 அல்லது 128 வாங்குங்கள். சிபியு கோரைப் பங்குபோட்டு ஓட்டலாம், ரேமை அப்படி இழுக்க முடியாது.

டிஸ்க்குக்கு ஆண்டுக்கு 25 சதவீத வளர்ச்சி, மூன்று ஆண்டு. 1,270 ஜிபி சுமார் 2,480 ஆகும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைக்க 3,100 ஜிபி தேவை. 1.92 டிபி எஸ்எஸ்டி நான்கை ரெய்டு 10-இல் (ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் வைக்கும் முறை) போட்டால் 3.84 டிபி கிடைக்கும். திரையில் அது 3.49 என்று தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்; ஒன்று ஆயிரத்தால் வகுக்கிறது, மற்றது 1,024-ஆல்.

சர்வர்கள் இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிபியு, முடிந்தால் ஒரே தலைமுறை. ஒன்றில் இன்டெல், மற்றதில் ஏஎம்டி என்றால் ஓடும் விஎம்மை நிறுத்தாமல் நகர்த்துவதை நம்ப முடியாது.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் வரி விண்டோஸ் உரிமம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டில் ஒரு ஹோஸ்டின் எல்லா கோருக்கும், குறைந்தது 16 கோருக்கு, உரிமம் வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். மேலே உள்ள பட்டியலில் நான்கு விண்டோஸ். அவை எந்தச் சர்வருக்கும் நகரலாம் என்பதால் ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு தொகுப்பு, மொத்தம் நான்கு. 16 கோருக்கு மேல் உள்ள சிபியு எடுத்தால் அந்தச் செலவும் கூடவே ஏறும்.

3. கரண்ட், சூடு, இடி

இரண்டு சர்வர் 300 வாட், நாஸ் 70, இரண்டு சுவிட்ச் 60, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 20. ஆக 450 வாட். இதற்கு 2 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் (மாறும் இடைவெளியே இல்லாத வகை) தாராளம். வீட்டு இன்வெர்ட்டர் வேண்டாம். கரண்ட் போனதும் அது மாறுவதற்கு எடுக்கும் இடைவெளியில் சில பவர் சப்ளைகள் தாங்கும், சில ரீபூட் ஆகும்.

12 வோல்ட் 26 ஏஹெச் பேட்டரி ஆறு என்றால் 1,872 வாட்-மணி. இழப்பும் பேட்டரி வயதும் போக 60 சதவீதம் கையில் நிற்கும் என்று வைத்தால் சுமார் 1,120. 450 வாட்டுக்கு இரண்டரை மணி நேரம் வரும். திட்டத்தில் இரண்டு என்றே எழுதுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது, அதை எந்த பேட்டரியும் தாங்காது. அன்றைக்கு ஜெனரேட்டர், அல்லது முன்கூட்டியே முறையாக ஆஃப்.

பேட்டரியை சர்வர் அறைக்கு வெளியே மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிவிடுவது வழக்கம். சேலத்து ஏப்ரல் வெயிலில் அந்த இடம் அடுப்பாகிவிடும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஐந்தாண்டு உழைக்க வேண்டியது இரண்டரை ஆண்டில் உப்பிப்போவது இதனால்தான்.

இன்னும் மூன்று விஷயம். லேசர் பிரிண்டரை இந்த யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் ஓவர்லோடு ஆகும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஏசி யுபிஎஸ்ஸில் இருக்காது, ஆகவே கரண்ட் போனால் 450 வாட்டும் மூடிய அறைக்குள் சூடாகவே நிற்கும். கதவைத் திறந்து வைக்க யாராவது ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள். தறி ஓடும் இடம், மாவு பறக்கும் இடம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீட்சிங்க்கை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஏற்காட்டில் பிரச்சினை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் சூடு தொல்லை இல்லை; கோடை மழையின் இடி, மழைக்காலத்தின் பனிமூட்டம் இரண்டும்தான் தொல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு லேன் கேபிள் இழுக்காதீர்கள். இடி எங்கோ விழுந்தாலும் அந்தக் கம்பி வழியே சுவிட்ச் போர்ட்டுகள் வரிசையாகச் சாகும். ஃபைபர் போட்டால் அந்தப் பாதையே இல்லை. வெளிச்சுவரில் இருக்கும் கேமரா கேபிளும் இதே கணக்குதான்; அதைத் தனி சுவிட்ச்சில் வைத்து, அங்கிருந்து ஃபைபரில் உள்ளே கொண்டுவாருங்கள். ரேக்கை ஜன்னல் ஓரம் வைத்தால் மூடுபனி உள்ளே வந்து உலோகத்தில் ஈரம் படியும்.

4. ஆஃப் ஆகும் வரிசை, ஆன் ஆகும் வரிசை

இதைத் தனிப் பகுதியாக எழுதக் காரணம், அதிகமான டேட்டா சேதம் இங்கேதான் நடக்கிறது.

ஆஃப் ஆகும்போது விஎம், சர்வர், நாஸ், சுவிட்ச் என்ற வரிசை. ஆன் ஆகும்போது அப்படியே தலைகீழ். நாஸில் யுபிஎஸ் யுஎஸ்பி கேபிளை மாட்டினால் அது சமர்த்தாக முதலில் தன்னை அணைத்துக்கொள்ளும். மேலே ஓடும் விஎம்கள் டிஸ்க் இல்லாமல் உறைந்து நிற்கும்.

ஆகவே அந்தக் கேபிளை ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் மாட்டி, அதில் நட் என்ற யுபிஎஸ் மென்பொருளைப் போடுங்கள். சர்வர்களும் நாஸும் பையிடம் கேட்டு நடக்கட்டும். கரண்ட் போய் நீங்கள் குறித்த நேரம் கழித்து சர்வர்கள் இறங்கத் தொடங்கும்; அவை முழுதும் இறங்கிய பிறகுதான் நாஸுக்கு முறை. விண்டோஸ் விஎம் அப்டேட் பாதியில் இருந்தால் இறங்க 10 நிமிடம்கூட ஆகும், அதற்கு இடம் விடுங்கள்.

கரண்ட் திரும்பும்போது நாஸ் தானாக எழ வேண்டும். சர்வர் தானாக எழக் கூடாது. பயோஸில் அப்படி வையுங்கள். நாஸ் முழுமையாக எழ ஐந்தாறு நிமிடம் ஆகலாம். அதற்குள் சர்வர் எழுந்தால் விஎம் டிஸ்க்கைத் தேடித் தோற்று, பிழை நிலையில் நின்றுவிடும். நாஸ் பதில் சொல்கிறதா என்று பை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு வேக்-ஆன்-லேன் என்ற நெட்வொர்க் செய்தி மூலம் சர்வர்களை எழுப்பட்டும். பாதி இறங்கும்போதே கரண்ட் வந்துவிட்டால் யுபிஎஸ் அணையாது, சர்வர்கள் மட்டும் அணைந்து கிடக்கும். அந்தச் சிக்கலையும் இதுவே தீர்க்கும்.

5. நெட்வொர்க்

மூன்று வலை வேண்டும்: அலுவலகம், ஸ்டோரேஜ், கிளஸ்டர். மாதிரிக்கு 10.20.10.0, 10.20.20.0, 10.20.30.0. 192.168.1.0 வேண்டாம், பாதி வீட்டு மோடம்களில் அதே எண்தான் இருக்கிறது, விபிஎன் போடும் நாளில் மோதும்.

ஸ்டோரேஜுக்கு 10 ஜிகாபிட். 1 ஜிகாபிட்டில் நொடிக்கு சுமார் 110 எம்பிதான் போகும், அதை ஐந்து விஎம் பங்குபோட வேண்டும். இரண்டு 1 ஜிகாபிட் கேபிளை லிங்க் அக்ரிகேஷன் செய்தால் (ஒன்றாகச் சேர்த்தால்) இரட்டிப்பாகும் என்று நம்ப வேண்டாம். ஒரு என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) இணைப்பு ஒரு கேபிளில்தான் ஓடும். ரேக்குக்குள் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டும் (மாட்யூல் செருகும் 10 ஜிகாபிட் போர்ட்) டாக் கேபிளும் (இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் குட்டிக் கேபிள்) போதும், செம்பு 10 ஜிகாபிட் மாட்யூலைவிடக் குறைவாகச் சூடாகும்.

ஒவ்வொரு சர்வரிலும் ஸ்டோரேஜுக்கு இரண்டு போர்ட், இரண்டு சுவிட்ச்சுக்கு, ஆக்டிவ்-பேக்கப் முறையில் (ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும்). இது ஆடம்பரம் போலத் தோன்றும். ஏன் அவசியம் என்பது 8-இல் புரியும்.

சுவிட்ச் செலவை மிச்சப்படுத்த நாஸிலிருந்து இரண்டு சர்வருக்கும் நேரடிக் கேபிள் இழுப்பவர்கள் ஒரு சிக்கலில் மாட்டுவார்கள். இரண்டு கேபிளுக்கும் வேறு வேறு ஐபி வரிசை வரும், ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸில் ஸ்டோரேஜ் முகவரி கிளஸ்டர் முழுக்க ஒன்றே. ஒவ்வொரு சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் ஒரே பெயருக்கு அதனதன் ஐபியை எழுதினால் வேலை ஆகும்.

கோரோசிங்க்கை ஸ்டோரேஜ் வலையில் விடவே விடாதீர்கள். பேக்கப் ஓடும்போது அந்த வலை நிரம்பி, கிளஸ்டர் செய்திகள் தாமதமாகும். இரண்டு சர்வருக்கும் நடுவே ஒரு தனிக் கேபிளை முதல் லிங்க்காகவும், அலுவலக வலையை இரண்டாம் லிங்க்காகவும் கொடுங்கள்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500-லேயே தொடங்குங்கள். 9000 வேண்டுமென்றால் சர்வர், சுவிட்ச், நாஸ் மூன்றிலும் மாற்றி, உடைக்காமல் அனுப்பும் 8972 பைட் பிங் போகிறதா என்று பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனால் சாதாரண பிங் போகும், மவுன்ட்டும் (ஸ்டோரேஜ் இணைப்பும்) ஆகும், ஃபைல் காப்பி மட்டும் நடுவில் தொங்கும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

6. ஸ்டோரேஜ்

ஹார்டு டிஸ்க்கில் விஎம் ஓட்டலாமா என்ற கேள்விக்கு எண்ணே பதில். 7,200 சுழற்சி டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 80 முறை சிதறிய இடங்களில் படிக்கும், எழுதும் வேலை செய்யும். நான்கைப் போட்டு ரெய்டு 5 (மீட்புத் தகவலையும் சேர்த்து எழுதும் முறை) செய்தால் ஒரு எழுத்துக்கு நான்கு வேலை, ஆக மொத்தமே 80 எழுத்து. ரெய்டு 10-இல் 160. ஐந்து விஎம் ஒரே நேரத்தில் எழும் காலை 9 மணிக்கு இது போதவே போதாது. ஹார்டு டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியிலும் மின்தடைப் பாதுகாப்பு உள்ள என்டர்பிரைஸ் வகை. அதில் இருக்கும் கெப்பாசிட்டர், கரண்ட் போனாலும் கையில் இருக்கும் டேட்டாவை எழுதி முடிக்கும். அந்தத் தைரியத்தில் ஒவ்வொரு உறுதி-எழுத்துக்கும் உடனே சரி என்று சொல்லும். லேப்டாப் எஸ்எஸ்டியில் அது இல்லை, டேட்டாபேஸ் நொண்டும். நான்கையும் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்காமல் முடிந்தவரை மாற்றி வாங்குங்கள். ஐந்தாவதை அலமாரியில் வையுங்கள்.

என்எஃப்எஸ்ஸா, ஐஸ்கசியா (நெட்வொர்க் வழியே டிஸ்க்கையே கொடுக்கும் முறை)? இந்த அளவுக்கு என்எஃப்எஸ். விஎம் டிஸ்க்கை கியூகவ்2 என்ற ஃபைல் வடிவில் வைத்தால் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) கிடைக்கும், புதியவர் கையிலும் உடையாது. ஐஸ்கசியில் ஒரே லன்னை (நாஸ் கொடுக்கும் டிஸ்க் துண்டை) இரண்டு சர்வரிலும் சாதாரண ஃபைல்சிஸ்டமாக மவுன்ட் செய்துவிடுவார்கள். இரண்டும் மாற்றி மாற்றி எழுத, சில மணி நேரத்தில் எல்லாம் குப்பை.

என்எஃப்எஸ் பகிர்வில் கவனிக்க வேண்டியவை: ஸ்டோரேஜ் வலையின் சர்வர் ஐபிகளுக்கு மட்டும் அனுமதி, ரூட் ஸ்குவாஷ் (சர்வரின் ரூட் உரிமையைப் பறிக்கும் அமைப்பு) அணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மவுன்ட் ஆகும், எழுத விடாது; சிங்க் எழுத்தை (டிஸ்க்கில் பதிந்த பிறகே சரி சொல்வதை) அணைக்கக் கூடாது, வேகமாகிறது என்று யார் சொன்னாலும். 5-இல் சொன்ன ஹோஸ்ட்ஸ் ஃபைல் முறை தவிர, ஸ்டோரேஜைப் பெயரால் அல்ல, ஐபியால் சேருங்கள். பெயரைச் சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சர்வரே அந்த ஸ்டோரேஜில் தூங்கும் விஎம்தான். சர்வர்களின் நேரத்தையும் அந்த விஎம்மிலிருந்து எடுக்க வேண்டாம்.

7. சர்வர் நிறுவுதல், மூன்றாவது ஓட்டு

ஒவ்வொரு சர்வரிலும் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டை மிரராகப் போட்டு நிறுவுங்கள். பென்டிரைவில் நிறுவினால் ஓயாத சிறு எழுத்தில் தேய்ந்துபோகும். பெயரும் ஐபியும் கிளஸ்டராக்கும் முன்பே முடிவாக வேண்டும். பிறகு மாற்றுவது நரகம். கட்டணச் சந்தா இல்லையென்றால் சந்தா இல்லாத ரெப்போவுக்கு (அப்டேட் வரும் இடம்) மாற்றி, இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் சர்வரில் கிளஸ்டர் உருவாக்குங்கள். இரண்டாவதைச் சேர்க்கும்போது அதில் ஒரு விஎம்மும் இருக்கக் கூடாது.

இப்போது கிளஸ்டரில் சர்வருக்கு ஒன்றாக இரண்டு ஓட்டு. ஒன்று விழுந்தால் மற்றதிடம் பெரும்பான்மை இல்லை, அது எதையும் தொடங்க மறுக்கும். அதற்குத்தான் கியூடிவைஸ் என்ற மூன்றாவது ஓட்டு: அதே ராஸ்பெரி பையில் போடலாம். மூன்று ஓட்டில் இரண்டு போதும். கிளஸ்டருக்குள்ளேயே ஒரு விஎம்மில் கியூடிவைஸ் போட்டால், அந்த விஎம் இருந்த சர்வர் விழும்போது இரண்டு ஓட்டு சேர்ந்தே போகும்.

விஎம் உருவாக்கும்போது சிபியு வகையை ஹோஸ்ட் என்று வைக்காமல் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் என்று வையுங்கள், நாளை சற்றே வேறுபட்ட சர்வர் வந்தாலும் நகரும். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் விர்ட்ஐஓ டிரைவர் (விஎம்மின் மெய்நிகர் டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டுவது) ஐஎஸ்ஓவை இணைக்கவில்லை என்று பொருள். நிறுவி முடித்ததும் அந்த ஐஎஸ்ஓவைக் கழற்றுங்கள். உள்ளூர் ஐஎஸ்ஓ மாட்டிக்கிடக்கும் விஎம் நகராது. யுஎஸ்பி டாங்கிள் உரிமம் உள்ள மென்பொருளும் அப்படியே. டாங்கிளை நெட்வொர்க் வழியே கொடுக்கும் பெட்டி வாங்குங்கள், அல்லது அந்த விஎம் ஒரே சர்வரில் கிடக்கட்டும்.

8. ஹெச்ஏ

ஒரு வாரம் கையாலேயே விஎம்களை இங்கும் அங்கும் நகர்த்திப் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு ஹெச்ஏ ஆன் செய்யுங்கள்.

சர்வர் விழுந்ததும் விஎம் உடனே மறுபக்கம் எழாது. விழுந்த சர்வர் உண்மையிலேயே செத்துவிட்டது என்று உறுதியாக ஒரு நிமிடம், பிறகு எழ ஒரு நிமிடம், அதன் மேல் விண்டோஸ் பூட் நேரம். இந்தக் காத்திருப்பு இல்லையென்றால் ஒரே டிஸ்க்கை இரண்டு விஎம் எழுதும். பொறுமையிழந்து கையால் தொடங்காதீர்கள்.

ஹெச்ஏ ஸ்டோரேஜைப் பார்ப்பதில்லை. ஒரு சர்வரின் ஸ்டோரேஜ் கேபிள் மட்டும் பிடுங்கப்பட்டால் கோரோசிங்க் நலமாகப் பேசிக்கொண்டிருக்கும், விஎம் ஓடுவதாகவே திரை காட்டும், உள்ளே எல்லாம் உறைந்திருக்கும். 5-இல் இரண்டு கேபிள் கேட்டது இதற்காக.

ஷட்டவுன் பாலிசியை ஃப்ரீஸ் (விஎம் மறுபக்கம் போகாமல் அங்கேயே நிற்கும்) என்று மாற்றுங்கள். இயல்பு நிலையில், கரண்ட் போய் முதல் சர்வர் இறங்கும்போது அதன் விஎம்கள் இரண்டாவதில் எழத் தொடங்கும். அதுவும் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது.

9. பேக்கப், மலைமேல் ஒரு பிரதி

நாஸின் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. நாஸோடு சேர்ந்து போகும். ஒரு பழைய கணினியில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் போட்டு வேறு அறையில் வையுங்கள். தினசரிப் பிரதி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 போதுமான தொடக்கம்.

ஏற்காட்டு அலுவலகத்தில் இன்னொரு பேக்கப் சர்வர். சேலத்திலிருந்து தள்ளாமல், ஏற்காடு இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். சேலத்தில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலும் மேலே உள்ள பிரதியை அழிக்கும் சாவி அதன் கையில் இருக்காது. முதல் பிரதியை இணையத்தில் அனுப்ப வேண்டாம்: 1 டிபியை நொடிக்கு 20 மெகாபிட்டில் அனுப்ப 4 நாள் 15 மணி நேரம். டிஸ்க்கை அட்டைப்பெட்டியில் வைத்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிவிட்டால் காலையிலேயே முடிந்துவிடும். அதன் பிறகு தினமும் மாறிய துண்டுகள் மட்டும் போகும்.

பேக்கப்பைப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவியை அச்சடித்து இரண்டு இடத்தில் வையுங்கள். சாவி கிளஸ்டரில் மட்டும் இருந்து, கிளஸ்டர் போனால், பேக்கப் வெறும் பாரம்.

10. ஒப்படைக்கும் முன் சோதனை

ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம். ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும் என்று முதலில் எழுதி, பிறகு செய்யுங்கள்.

ஓடும் சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். விஎம்கள் மறுபக்கம் எழ எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஒரு ஸ்டோரேஜ் கேபிளைப் பிடுங்குங்கள். விஎம் சில நொடி தயங்கித் தொடர வேண்டும். ஒரு சுவிட்ச்சை அணையுங்கள். ராஸ்பெரி பையை அணையுங்கள். எதுவும் மாறக் கூடாது. நாஸிலிருந்து ஒரு டிஸ்க்கை இழுத்து, அலமாரியில் உள்ளதைப் போட்டு, ரெய்டு மீண்டும் கட்ட ஆகும் நேரத்தைப் பாருங்கள். கடைசியாக மெயின் எம்சிபியை இறக்கிவிட்டு, முழு வரிசையும் தானாக இறங்கித் தானாக ஏறுகிறதா என்று கை வைக்காமல் பாருங்கள்.

பிறகு ஏற்காட்டுப் பிரதியிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி விஎம்மை வேறு விஎம் எண்ணில் மீட்டெடுங்கள். தொடங்கும் முன் அதன் நெட்வொர்க் கார்டில் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதே பெயரில் இரண்டு டொமைன் கன்ட்ரோலர் (உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்) வலையில் நின்று, திங்கட்கிழமை காலை யாராலும் உள்நுழைய முடியாது.